காயற்படகும் காவல்நாயும்



சென்ற தை மாதம் பத்து நாள் விடுப்பில் பள்ளிவாசலுக்குப் போய்வந்தேன். பள்ளிவாசல் என்றவுடன் உங்களிற் பலர் ஒரு தொழுகைத் தலத்தை நினைக்கக்கூடும். நான் குறிப்பிடுவது ஓர் ஊர். கேரள மாநிலத்து இடுக்கி மாவட்டத்தில், மூணாற்றிலிருந்து அடிமாலிக்கு இறங்கும் சாலையில், தேயிலைச் சரிவுகளுக்கிடையே அமைந்தது. 1940-ஆம் ஆண்டில், அந்நாளைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் முதல் நீர்மின் நிலையம் இவ்வூரிலேதான் இயங்கத் தொடங்கிற்று. மலையாள நாட்டு ஊராயினும், அதன் கடைத்தெருவில் நின்றால் தமிழ்ப் பேச்சுக்குக் குறைவில்லை. மூன்று நான்கு தலைமுறைகளுக்கு முன் தேயிலை வேலைக்காக மலையேறிப் போனவர்களின் பேரன் பேத்திகள் பேசும் தமிழ் அது. வெளிமாநிலத் தமிழர் என்ற சொல்லைத் தில்லியில் இருக்கும் நம்மைப் போன்றோர் நமக்கே உரியதாக எண்ணிக்கொள்கிறோம். அங்கே போகும்போதெல்லாம் அந்த எண்ணம் எனக்குச் சற்றுக் குறைந்துவிடுகிறது.

என் தமக்கையை அவ்வூரில் மணம் செய்து கொடுத்திருக்கிறோம். அத்தான் மின்துறையில் நெடுங்காலம் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுவதும் தண்ணீரைக் குழாய்க்குள்ளேயே பார்த்துவிட்டேன், இனிமேலாவது அதன் மேலே இரண்டு நாள் மிதக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாளைய ஆசை. ஆலப்புழையிலிருந்து ஒரு வீட்டுப்படகில் காயல்களைச் சுற்றிவர வேண்டும். தில்லியிலிருந்து நானும் வந்து சேர்ந்துகொள்ள வேண்டும். எட்டு வயதுப் பேரனையும் அழைத்துப் போக வேண்டும் என்று ஆறு மாதத்துக்கு முன்பே திட்டமிட்டுவிட்டார். அக்கா ஒரே ஒரு நிபந்தனை விதித்தாள்.

“செவலையும் வரணும். அதைத் தனியா விட்டுட்டு நான் வாசற்படி தாண்ட மாட்டேன்” என்றாள்.

செவலை என்பது அவர்கள் வளர்க்கும் நாய். மலைக்குக் கிழக்கே தேனி மாவட்டத்தில் கோம்பை என்றோர் ஊர் உண்டு. அவ்வூரின் பெயரையே தாங்கிய நாட்டு நாய்ச்சாதி. செம்மண் நிறம், கரிய முகவாய், காவலுக்குப் பெயர் பெற்றது. போடியிலிருந்து ஓர் உறவினர் குட்டியாகக் கொண்டுவந்து கொடுத்தார்.

அக்காவின் பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதப் பெருமழையை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். மூணாற்றுப் பக்கம் சாலைகள் அறுந்து, மண் சரிந்து, ஊர்கள் தனித்தனியே துண்டுபட்டன. இரவு நேரத்தில் வீட்டைவிட்டு வெளியேறும்படி அக்கா குடும்பத்தாருக்கு உத்தரவு வந்தது. தங்கப் போன இடத்தில் நாய்க்கு அனுமதி இல்லை. அவிழ்த்துவிட்டு, ஒரு பானைச் சோற்றை வைத்துவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் திரும்பி வந்தபோது, விறகுக் கொட்டகையின் கூரைமேல் அது நின்றுகொண்டிருந்தது. சோற்றுப்பானை மண்ணுக்குள் புதைந்து கிடந்தது. அது அன்று குரைக்கவில்லையாம். கீழே இறங்கவும் மறுத்ததாம். அதன்பின் செவலை ஓடும் தண்ணீரைக் கண்டால் பின்வாங்கும்.

அதே மழைக்காலத்தில் திருச்சூரில் ஒரு பெண்மணி, தாம் காப்பாற்றி வளர்த்த இருபத்தைந்து நாய்களையும் ஏற்றிக்கொண்டாலன்றி மீட்புப் படகில் ஏறமாட்டேன் என்று மறுத்துவிட்டார் என்ற செய்தி பத்திரிகைகளில் வந்தது. அதைப் படித்துவிட்டு அக்கா ஒரு நாள் முழுவதும் யாருடனும் பேசவில்லை என்று அத்தான் சொன்னார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு, இராஜமலைக்கு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து, தேயிலைத் தொழிலாளர் வரிசை வீடுகள் மண்ணுள் மூழ்கின. இறந்தவர் எழுபது பேர், தமிழ்க் குடும்பத்தார். அங்கே குவி என்ற பெயருடைய ஒரு நாய் நாள்கணக்கில் தன் வீட்டாரைத் தேடி அலைந்தது. முடிவில் ஆற்றோரத்தில் ஓரிடத்தில் நீரையே பார்த்தபடி நகராமல் நின்றது. தேடுவோர் அவ்விடத்துக்கு வந்து பார்த்தபோது, அது நாள்தோறும் விளையாடிய இரண்டு வயதுக் குழந்தையின் உடல் கிடைத்தது. பெட்டிமுடி அக்காவின் வீட்டிலிருந்து தொலைவில் இல்லை. செவலையை விட்டுவிட்டு வாசற்படி தாண்டமாட்டேன் என்று அவள் சொல்லும்போது மறுத்துப் பேச யாருக்கும் வாய் எழாது.

நிற்க. என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மத்திய அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பு என் தொழில். ‘உள்நாட்டு நீர்வழி’ என்ற தொடரை எத்தனையோ அறிக்கைகளில் எழுதியிருக்கிறேன். 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நம் நாட்டில் தேசிய நீர்வழிகள் 111 என்பது எனக்கு மனப்பாடம். கொல்லம் முதல் கோட்டப்புறம் வரையுள்ள 168 கிலோமீட்டர் நீளக் காயல்வழியை மூன்றாம் தேசிய நீர்வழியாக 1993-இல் அறிவித்தார்கள் என்பதும் தெரியும். ஆயினும், அந்நீர்வழிகளில் ஒன்றிலாவது கால் நனைத்தவன் அல்லேன். வேறொரு சங்கடமும் உண்டு. படகில் வெறுமனே மிதந்து வாழும் அந்த நிலையைத் தமிழில் என்னவென்று சொல்வது? ‘பொழுதுபோக்கு’ என்றால், போக்கித் தொலைக்க வேண்டிய பொழுது ஒன்று கையில் இருப்பதாகப் பொருள்படுகிறது. ‘ஓய்வு’ என்றால் களைப்பு முன்னே வந்துவிடுகிறது. ‘உல்லாசம்’ என்றாலோ விளம்பரப் பலகை நினைவுக்கு வருகிறது. அத்தான் வைத்த பெயர் எல்லாவற்றிலும் நன்றாயிருந்தது: “சும்மா இருக்கப் போறோம், மாப்பிள்ளை.”

புறப்படுவதற்கு முன் ஓர் ஒத்திகை பார்க்கலாம் என்று எண்ணி, மலைமேலேயே ஓர் ஏரிக்கு நாயை அழைத்துப் போனோம். அணைகள் கட்டியதால் உண்டான ஏரிகள் அங்கே பல. 1940-களில் கட்டிய குண்டளை அணையும், அதன் பின் கட்டிய மாட்டுப்பெட்டி அணையும் பள்ளிவாசல் நிலையத்துக்கு ஆண்டு முழுவதும் நீர் கிடைப்பதற்காக எழுந்தவை. இப்போது அவற்றின் நீர்ப்பரப்பில் படகுகள் செல்கின்றன. மிதித்து ஓட்டும் படகும் உண்டு, விசைப்படகும் உண்டு. நாங்கள் போன படகுத்துறையில் நாய்க்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். கேட்டுவிட்டுப் போயிருக்க வேண்டியது எங்கள் கடமை. எனினும், சீட்டுக் கொடுத்து வரிசையில் நிற்கவைத்து, கடைசிப் படியில் திருப்பியனுப்பியது எங்களுக்கு வருத்தமாகத்தான் இருந்தது. செவலைக்கு வருத்தம் இல்லை. நீருக்குப் பத்தடி தள்ளி உட்கார்ந்துகொண்டு, வந்த வழியையே பார்த்துக்கொண்டிருந்தது.

திரும்பும் வழியில் அத்தான் தண்ணீரின் கதையைச் சொன்னார். குண்டளை, நல்லதண்ணி, முதிரப்புழை என்னும் மூன்று ஆறுகள் கூடுவதால்தான் மூணாறு என்று பெயர். முதிரப்புழையின் நீர் குழாய்களில் இறங்கிப் பள்ளிவாசல் நிலையத்தில் சக்கரத்தைச் சுழற்றுகிறது. சுழற்றிய நீரை வீணாக்காமல் மீண்டும் மேலே ஏற்றிச் செங்குளத்தில் தேக்கி, அங்கிருந்து இறக்கி மற்றொரு நிலையத்துக்கு விடுகிறார்கள். அதற்கப்பால் நேரியமங்கலத்திலும் அதே ஆறு மின்சாரம் தருகிறது. பின்னர் பெரியாற்றில் கலந்து, ஆலுவாயில் இரு கிளையாகப் பிரிந்து, காயலை அடைகிறது. மேலே ஏரியில் படகு போகலாம். கீழே காயலில் படகு போகலாம். இடையில் பாறையும் பள்ளமுமான அந்த ஆற்றில் ஒரு மரக்கட்டை கூட முழுதாக வந்து சேராது.

“நாம ஆலப்புழையிலே மிதக்கப் போறதும் நம்ம ஊர்த் தண்ணிதான், மாப்பிள்ளை” என்றார்.

மொழிபெயர்ப்பாளனுக்குத் திருத்தும் பழக்கம் போகாது. பெரியாறு வந்து சேர்வது காயலின் வடபகுதியில். ஆலப்புழைப் பக்கத்துக் குட்டநாட்டுக்கு நீர் கொண்டுவருபவை பம்பை, மணிமலை, அச்சன்கோவில் முதலிய ஆறுகள் என்றேன். அவர் என்னை இரக்கத்துடன் பார்த்துவிட்டு, வண்டியின் சன்னற்கண்ணாடியை இறக்கினார்.

ஆலப்புழையில் எங்களுக்குக் கிடைத்தது ஒற்றை அறைக் கெட்டுவள்ளம். நாயை ஏற்றிக்கொள்வார்களா என்பதை இம்முறை முன்பே எழுதிக் கேட்டிருந்தோம். முழுப்படகையும் எடுத்துக்கொள்பவர்க்குச் சில உரிமையாளர்கள் இசைகிறார்கள். பலரோடு சேர்ந்து போகும் படகுகளில் அந்த எண்ணமே வேண்டாம். கெட்டுவள்ளம் என்றால் கட்டிய வள்ளம். ஆஞ்சிலி என்று மலையாளத்தார் கூறும் அயினி மரப்பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து, இடுக்கில் நாரைத் திணித்து, முந்திரிக்கொட்டை நெய்யைக் காய்ச்சிக் கருமையாகப் பூசுவார்கள். ஆணி அடிப்பதில்லை. ஒரு காலத்தில் இவை குட்டநாட்டு நெல்லைக் கொச்சிக்குச் சுமந்து சென்ற சரக்குப் படகுகள். சாலைகளும் லாரிகளும் வந்தபின் அவற்றுக்கு வேலையில்லாமற் போயிற்று. 1990-களில் கூரையும் படுக்கையும் அமைத்துப் பிரயாணிகளை ஏற்றத் தொடங்கினார்கள். நம் சென்னையிலிருந்து ஆந்திரக் கரை வரை சென்ற பக்கிங்காம் கால்வாயிலும் இப்படித்தான் நெல்லும் விறகும் உப்பும் படகில் வந்தன. அக்கால்வாய் இன்று சென்னை நகருக்குள் என்ன நிலையில் இருக்கிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. நெல் சுமந்த படகுக்கு மறுவாழ்வு கிடைத்தது அங்கே. நம்மிடம் படகும் போயிற்று, நீரும் போயிற்று.

படகேறுவது பெரும்பாடாகிவிட்டது. கரைக்கும் அணியத்துக்கும் நடுவே ஓர் ஒற்றைப் பலகை. அதன் கீழே தண்ணீர் தெரிகிறது. செவலை நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு அசையவில்லை. அத்தான் இழுத்தார், பேரன் பிஸ்கட்டைக் காட்டினான். படகின் சாரங்கு ஐம்பது வயது மதிக்கத்தக்க மனிதர். சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, உள்ளே போய் ஒரு கயிற்றுப் பாயைக் கொண்டுவந்து பலகைமேல் விரித்தார். தண்ணீர் மறைந்தது, காலுக்குப் பிடிப்பும் கிடைத்தது. அக்கா முதலில் நடந்துபோய் உள்ளே உட்கார்ந்து, வேறெங்கோ பார்ப்பது போலிருந்தாள். ஐந்து நிமிடத்தில் செவலை தானாகவே நடந்து வந்து அவள் காலடியில் படுத்துக்கொண்டது.

முதல் நாள் நாங்கள் கற்றுக்கொண்டவை அனைத்தும் நாயின் பொருட்டுத்தான். மரத்தளம் வெயிலிற் காய்ந்தால் அதன் உள்ளங்காலைச் சுடும். நமக்குப் போல அதற்கு உடம்பெல்லாம் வியர்வை இல்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதே அது வெப்பம் தணித்துக்கொள்ளும் வழி. ஆகவே நிழலும் ஈரச்சாக்கும் வேண்டும். காயல்நீரைக் குடிக்கவிடலாகாது, எலிச் சிறுநீர் கலந்த நீரின் மூலம் பரவும் எலிக்காய்ச்சல் மனிதரையும் நாயையும் ஒருங்கே தாக்கக்கூடியது. அதற்கும், வெறிநோய்க்கும் முன்னதாகவே தடுப்பூசி போட்டுச் சான்று வைத்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சிரமம்: வீட்டில் ஒழுங்காகப் பழக்கிய நாய் படகில் சிறுநீர் கழிக்காது! படகு அதற்கு வீடு. காலை பதினொரு மணிக்கு ஏறியது, மாலை மூன்று மணிவரை அடக்கிக்கொண்டிருந்தது. நிலைமையைக் கண்டுகொண்டவர் சாரங்குதான். யாரும் கேட்காமலே ஒரு வரப்பின் ஓரமாகப் படகை நிறுத்தினார். அன்றுமுதல் இரண்டு மணிக்கொரு தடவை கரை ஒதுங்குவது எங்கள் ஏற்பாடாயிற்று.

அதனால் நேர்ந்த நன்மையையும் சொல்ல வேண்டும். நாய் இல்லாவிட்டால் காயலை நடுவிலிருந்து மட்டுமே பார்த்துவிட்டுத் திரும்பியிருப்போம். நாய்க்காக ஒதுங்கிய கரைகளில்தான் குட்டநாட்டைக் கண்டோம். ஒருபுறம் ஆறு, நடுவே ஓர் ஒற்றையடி வரப்பு, மறுபுறம் ஆற்றைவிடப் பள்ளத்தில் நெல்வயல். கடல் மட்டத்துக்கு இரண்டு மீட்டருக்கும் மேல் தாழ்ந்த வயல்கள் அங்கே உண்டு. தண்ணீரை வெளியே இறைத்துக்கொண்டே பயிர் செய்கிறார்கள். வரப்பின் மேலேயே வீடு, கடை, கோயில், மாதாகோயில் எல்லாம். ஒரு வீட்டு அம்மையார் செவலைக்கு மீன்தலை கொண்டுவந்து போட்டார். அக்காவுக்கும் அவருக்கும் அரைமணி நேரம் பேச்சு நடந்தது, அவர் மலையாளத்திலும் இவள் தமிழிலுமாக.

மாலை ஐந்தரை மணிக்கு வீட்டுப்படகுகள் நின்றுவிட வேண்டும். இரவு மீனவர்க்கு உரியது; அவர்கள் வலை விரித்தபின் பெரிய படகு நடமாடினால் வலை அறுந்துபோகும். இவ்வொழுங்கு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பகலில் உல்லாசம், இரவில் தொழில் என்று ஒரே நீரைப் பங்கிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் வீட்டுப்படகுகள் நூற்றுக்கணக்கில் பெருகி, அவற்றின் எண்ணெயும் கழிவும் நீரிற் கலப்பதைப் பற்றிக் கரையோரத்தார்க்கு மனக்குறை உண்டு. அதுவும் நியாயமானதே.

அன்றிரவு, கல்லூரியில் பாடமாகப் படித்த ஓர் ஆங்கில நூலைப் பற்றி அத்தானிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஜெரோம் கே. ஜெரோம் என்பவர் 1889-இல் எழுதியது. மூன்று நண்பர்கள் தேம்ஸ் நதியில் ஒரு நாயுடன் படகேறிய கதை. அந்த நண்பர்கள் இருவரும் மெய்யாகவே இருந்தவர்கள். மோன்மொரன்சி என்ற அந்த நாய் மட்டும் ஆசிரியரின் கற்பனை. இங்கிலாந்தில் சரக்கு ஏற்றுவதற்காக வெட்டிய ஒடுங்கிய கால்வாய்கள் இன்றும் உள்ளன. ஏழடி அகலமுள்ள நீண்ட படகுகளில், மணிக்கு நான்கு மைல் வேகத்துக்கு மேற்படாமல் போய்க்கொண்டு, ஆண்டு முழுவதும் அதிலேயே குடியிருப்போரும் அங்கே இருக்கிறார்கள். அப்படகுகளின் கூரைமேல் ஒரு நாய் படுத்திருப்பது அவர்களுக்குச் சாதாரணக் காட்சி. “நாலு மைலா? அப்போ நடந்தே போயிடலாமே” என்றான் பேரன். நடந்தேதான் போகிறார்கள், நாயும் வீட்டாரில் ஒருவரும் கரையோரப் பாதையில் நடக்க, படகு பக்கத்தில் வரும். அதற்காகத்தான் அந்த வேகம் போலும்.

இனி, நான் சொல்லத் தயங்கும் பகுதிக்கு வருகிறேன்.

இரண்டாம் நாள் பிற்பகல், பெரிய படகு புக முடியாத சிறு தோடுகளைப் பார்ப்பதற்காக ஒரு சிறு வள்ளத்தில் ஏறினோம். சாரங்கே கழியூன்றி வந்தார். செவலைக்கு ஆலப்புழையில் ஒரு மிதவைச் சட்டை வாங்கியிருந்தோம். முதுகின் மேல், தூக்குவதற்கு வசதியாக ஒரு பிடி வைத்துத் தைத்தது. நண்பகல் வெயிலில் அது மிகவும் இரைத்தது. இரக்கப்பட்டு அந்தச் சட்டையைக் கழற்றிவிட்டவன் நான்தான். நமக்கென்று கொடுத்திருந்த மிதவைச் சட்டைகளையோ, பலகை குத்துகிறதென்று ஆசனமாகப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தோம். படித்தவர்கள் செய்கிற காரியந்தான்!

தோட்டின் வளைவில், ஆயிரம் வாத்துகளுக்குக் குறையாது, ஒரே மந்தையாக எதிர்ப்பட்டன. சிறு ஓடத்தில் ஒருவர் பின்னால் வந்து ஓட்டிக்கொண்டிருந்தார். காவல்நாய் அல்லவா? தண்ணீரைக் கண்டால் அஞ்சுவதை ஒரு கணம் மறந்து செவலை பாய்ந்துவிட்டது. பாய்ந்த பின்பே தான் எங்கே இருக்கிறோம் என்பது அதற்குத் தெரிந்தது. வாத்துகள் சிதறின. நாய் அடர்ந்த ஆகாயத்தாமரைக்குள் சிக்கி, முன்காலால் நீரை அடித்து அடித்து, கழுத்தளவு மூழ்கிற்று.

அத்தான் எழுந்துவிட்டார். எழுந்தது மட்டுமன்று, அந்தப் பக்கமாகக் குனிந்து கையை நீட்டினார். பேரனும் அதே பக்கம் ஓடினான். நானும் நகர்ந்தேன், ஏன் நகர்ந்தேன் என்று கேட்டால் இன்றும் விடை தெரியாது. வள்ளத்தின் விளிம்பு நீர்மட்டத்துக்கு இறங்கி, தண்ணீர் சரேலென்று உள்ளே பாய்ந்து அக்காவின் மடியை நனைத்தது.

“இரிக்கணம்! எல்லாரும் இரிக்கணம்!” என்று சாரங்கு ஒரு குரல் கொடுத்தார். இரண்டு நாளில் அவர் உரக்கப் பேசிக் கேட்டது அது ஒன்றுதான். அத்தான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பேரனை அக்கா இழுத்து மடியில் அமுக்கிக்கொண்டாள். வள்ளம் இருமுறை ஆடி நிமிர்ந்தது.

அதன்பின் அவர் செய்ததைக் கவனித்துப் பார்த்தேன். அவசரப்படவில்லை. பக்கவாட்டில் நாயை நெருங்காமல், வள்ளத்தைத் திருப்பி அணியத்தை அதன் நேராகக் கொண்டுவந்தார். மூங்கிற்கழியை நீரின்மேல் கிடையாக நீட்டினார். செவலை முன்னங்கால் இரண்டையும் அதன்மேல் போட்டுக்கொண்டது. மெல்லத் தம் பக்கம் இழுத்து, கழுத்துத் தோலை ஒரு கையாலும் பின்தொடையை மறுகையாலும் பற்றி, அணியத்தின் வழியாக உள்ளே உருட்டிவிட்டார். மிதவைச் சட்டை போட்டிருந்தால் ஒரு கையால் தூக்கியிருக்கலாம் என்று மட்டும் சொன்னார். சற்றுப் பொறுத்து, “நாய் கொஞ்ச நேரம் மிதக்கும், சாரே. வள்ளம் மறிஞ்சால் அந்தக் குட்டி மிதக்குமோ?” என்றார். பேரனைத்தான் சொன்னார். எனக்கு நீந்தத் தெரியாது என்பதை நான் அவரிடம் கூறவில்லை.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. 2009 செப்டம்பர் 30-ஆம் நாள் தேக்கடி ஏரியில் நேர்ந்த விபத்து நினைவில் சுழன்றது. பள்ளிவாசல் இருக்கும் அதே மாவட்டத்தில், முல்லைப் பெரியாற்று அணையால் உண்டான அந்த ஏரியில், இரட்டைத் தட்டு உல்லாசப் படகு ஒன்று கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். அவர்களிற் பலர் நம்மைப் போல வெளியூரிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள். கரையில் விலங்குகளைக் கண்டு மேல்தட்டிலிருந்தோர் ஒரே பக்கமாகத் திரண்டார்கள் என்று தப்பியவர்கள் கூறினார்கள். படகின் அமைப்பிலும் ஏற்றிய ஆள்கணக்கிலும் குறை இருந்ததென்பதும் பின்னர் வெளிவந்தது. அக்குறைகள் நம் கையில் இல்லாதவை. ஒரு பக்கமாகத் திரள்வது நம் கையில் உள்ளது. அவர்கள் யானையையோ காட்டெருமையையோ பார்க்கத் திரண்டார்கள். நாங்கள் நாயைக் காப்பாற்றத் திரண்டோம். படகுக்கு அவ்வேறுபாடு தெரியாது. நல்லெண்ணத்தோடு சாய்ந்தாலும் எடை எடைதான். அன்று அந்த ஒரு குரல் எழாதிருந்தால், இந்தப் பேச்சை உங்களுக்கு எழுத நான் இருந்திருப்பேனோ என்னவோ.

ஆகவே, அடுத்த விடுமுறையில் நாயோடு காயலுக்குப் போக எண்ணும் நேயர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சிலவற்றைக் கூறுவது என் கடமை. படகேறியவுடனே, நாய் நீரில் விழுந்தால் யார் எழுவது, யார் உட்கார்ந்தே இருப்பது என்பதைப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். எழுபவர் படகுக்காரர் ஒருவரே. எல்லா நாய்க்கும் நீச்சல் தெரியும் என்று நம்பாதீர்கள். சப்பை மூக்கும் கனத்த தலையும் உள்ள பக், புல்டாக் போன்றவை எளிதில் மூழ்கிவிடும். மிதவைச் சட்டை சூடாக இருந்தால் அதை நனைத்துப் போடுங்கள், கழற்றாதீர்கள். நாயைப் படகோடு கயிற்றால் பிணைக்கவும் கூடாது. படகு சாய்ந்தால் அந்தக் கயிறே அதற்கு யமன். 1917-ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2021-இல் உள்நாட்டுக் கலங்கள் பற்றிய புதிய சட்டம் வந்திருக்கிறது. பதிவு, சோதனைச் சான்று, ஏற்றத்தக்க ஆள்கணக்கு ஆகியவற்றைக் கேட்டுப் பார்ப்பதற்கு வெட்கப்படவேண்டாம். தொலைவிலிருந்து ரயிலில் வருவோர், முதல் வகுப்பில் ஓர் அறை முழுவதையும் தம் பெயரிலே பதிவு செய்தால்தான் நாயை உடன் வைத்துக்கொள்ள முடியும். இல்லையேல் அது கார்டு வண்டியிலுள்ள நாய்ப்பெட்டியில் தனியே பிரயாணம் செய்ய நேரும். அதைவிட வீட்டிலேயே நம்பிக்கையான ஒருவரிடம் விட்டுவருவது மேல் என்பது என் அபிப்பிராயம். இதை அக்காவிடம் சொல்லும் துணிவு எனக்கில்லை.

மூன்றாம் நாள் காலை, விடிவதற்கு முன் எழுந்து வெளியே வந்தேன். பனி மூட்டம். மீனவர்கள் வலையைச் சுருட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். துடுப்பின் ஓசை மட்டும் கேட்டது. அத்தான் அணியத்தில் உட்கார்ந்திருந்தார். செவலை அவர் பக்கத்தில், நீரிலிருந்து மூன்றடி உள்ளே தள்ளி, மிதவைச் சட்டையோடு படுத்திருந்தது. இரவு முழுவதும் அக்கா அதைக் கழற்றவில்லை. நீருக்கு அஞ்சுவது அதற்குத் தீர்ந்துவிட்டதாக நான் சொல்லமாட்டேன். முகத்தை மறுபக்கம் திருப்பியே வைத்திருந்தது. ஆனால் காது இரண்டும் துடுப்போசையின் பக்கம் நிமிர்ந்திருந்தன.

“முப்பது வருஷம் தண்ணியோட வேலை செஞ்சேன். நேத்துதான் அதுக்குப் பயந்தேன்” என்றார் அத்தான்.

பள்ளிவாசலுக்குத் திரும்பி ஒரு வாரம் கழித்து, தில்லிக்கு அக்காவின் தொலைபேசி வந்தது. வருகிற தையில் மறுபடியும் போவதாகத் திட்டமாம். அதே படகு, அதே சாரங்கு.

“தம்பி, செவலைக்கு வாங்கினோமே அந்தச் சட்டை, அது மாதிரி ஆளுக்கும் கிடைக்குமான்னு விசாரிச்சுச் சொல்லு. முதுகிலே பிடி வச்சிருக்கணும். உங்க அத்தானுக்குத்தான்.”